கற்கண்டுக்கும் பனங்கட்டிக்கும் என்ன கொடுக்கிறோம்

என் அண்ணா,

உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நீ திரும்பமாட்டாய். கற்கண்டுக்கு ஏதோ என்று சொன்னால் ஏணியில் நின்றாலும் இறங்கி வருவாய். ஆகவே அதிலேயே தொடங்குகிறேன். கற்கண்டு சுகமாக இருக்கிறது. பனங்கட்டியின் கதையைத்தான் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லவேண்டும். இருந்து கேள்.

நீ போய் ஒரு வருடம் நிறைகிற உன் ஆட்டத்திவசத்துக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். கோயிலுக்கு நீ மின்சார வேலை செய்து கொடுத்ததையும், புதிதாக வந்தவர்களுக்கு வீடு தேடி அலைந்ததையும் மற்றவர்கள் எழுதுகிறார்கள். தங்கச்சி என்றபடியால் எனக்கும் சில பக்கங்கள் ஒதுக்கினார்கள். நீ போன பிறகு உன் வீட்டில் நடந்ததை எழுதட்டுமா என்று மச்சாளிடம் கேட்டேன். உன் மனைவியை உனக்குத் தெரியாதா. "எழுதும் வத்சலா. ஆனால் என்னை நல்லவள் ஆக்கி எழுதாதையும்" என்றார்.

உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். சுகர் கிளைடர் என்பது இந்த நாட்டு மரங்களில் வாழும் ஒரு சின்னப் பிராணி. உள்ளங்கைக்குள் அடங்கும். சாம்பல் நிறம், முதுகில் ஒரு கறுப்புக் கோடு, முகத்துக்கு அளவில்லாத பெரிய கண்கள். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவேயுள்ள தோலை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகும். விக்டோரியா மாநிலத்தில் லைசென்ஸ் எடுத்து வீட்டில் வளர்க்கலாம். உன்னோடு வேலை செய்த இத்தாலிக்காரர் மகளோடு இருக்கக் குயின்ஸ்லாந்துக்குப் போனபோது, இரண்டைக் கூட்டோடு உன் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

இரத்தத்தில் சீனி கூடிய சலரோகக்காரன் வீட்டுக்குச் சீனிப் பிராணி வந்திருக்கிறது என்று முதலில் சிரித்தது நான்தான். நீ அதற்கும் ஒரு படி மேலே போய், டொக்டர் உனக்கு ஆகாது என்ற இரண்டு சாமான்களின் பெயரை அவற்றுக்கு வைத்தாய். பெட்டை கற்கண்டு. கடுவன் பனங்கட்டி.

பெயரில்தான் இனிப்பு. சாப்பாட்டில் நீ எவ்வளவு கறார். பின்னேரம் வேலையால் வந்து கை கழுவியதும் குசினியில் உன் சமையல் தொடங்கும். அவித்த முட்டையை ஓட்டோடு அரைத்து, குழந்தைகளுக்குக் கொடுக்கும் தானிய மாவும் கொஞ்சம் தேனும் விற்றமின் தூளும் சேர்த்துக் கூழாக்குவாய். உயிரோடு விற்கும் சிள்வண்டுகளை ஒரு பையில் போட்டு, கல்சியம் தூளில் குலுக்கிக் கொடுப்பாய். பழம் என்றால் விரல் நுனியளவு. இன்னும் வேண்டும் என்று அவை உன் விரலைப் பிடித்து இழுத்தாலும் கொடுக்கமாட்டாய். "காட்டில ஆர் உதுகளுக்கு மாம்பழம் வெட்டிக் குடுக்கிறது? மரத்துப் பிசினும் பூச்சியும் பூந்தேனும்தான் உதுகளின்ர சாப்பாடு" என்பாய். சொல்லிக்கொண்டே ஒரு லட்டை எடுத்து உன் வாய்க்குள் போடுவாய்.

"அளவெல்லாம் உதுகளுக்குத்தான்" என்று மச்சாள் சொல்லாத நாள் உண்டா. உன் தட்டில் சோற்றைக் குறைப்பதும், தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் விடுவதும், நீ ஒளித்த இனிப்பைத் தேடி எறிவதும்தான் அவருடைய கலியாண வாழ்க்கையில் பாதி. வேண்டாம், போதும், வையுங்கோ. உங்கள் வீட்டுக்குள் நுழையும் எவருக்கும் முதலில் கேட்பது அந்தச் சத்தம்தான்.

பிறகு ஒரு சித்திரை மாதக் காலை, வேலைக்குப் போன இடத்தில், வாகனத்துக்குள் இருந்தபடியே உன் நெஞ்சு நின்றுபோனது. அதைப் பற்றி இங்கே நான் எழுதப் போவதில்லை.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பழம் கொண்டுவந்தார்கள். பிரிட்ஜ் நிரம்பி, மேசை நிரம்பி, குசினிக் கதிரைகளிலும் பைகள். மச்சாள் சாப்பிடவில்லை. பேர்த்திலிருந்து வந்து நின்ற உன் மகன் கௌதமும் சாப்பிடவில்லை. அந்தப் பழங்களைச் சாப்பிட்டவர்கள் கற்கண்டும் பனங்கட்டியும்தான். மச்சாள் வெட்டி வெட்டி வைத்தார். அவை தின்னத் தின்ன இன்னும் வெட்டினார்.

நான் பஸ் ஓட்டுகிற வேலை முடிந்து வரும் வழியில் சிள்வண்டுப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். மச்சாள் வாசலிலேயே மறித்தார்.

"என்ன வத்சலா இது?"

"பூச்சி, மச்சாள். அண்ணா குடுக்கிறவர்தானே."

"இன்னும் அந்தியேட்டி முடியேல்லை. துடக்கு வீட்டுக்குள்ள உயிர்க்கொலை செய்யச் சொல்லுறீரோ?"

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை, சாவுத் துடக்கு உள்ள வீட்டுக்குள் மச்ச மாமிசம் வராது. பெட்டியைத் திரும்பக் காருக்குள் வைத்தேன். அந்தியேட்டி முடிந்து கௌதம் பேர்த்துக்குப் புறப்பட்டபோது, "அம்மா, ஜஸ்ட் கிவ் தெம் எவே. உங்களால ஏலாது" என்றான். அவன் போனபின் நான் இன்னொரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது வெறும் பெட்டி கராஜில் கிடந்தது. மச்சாள் எல்லாப் பூச்சிகளையும் எலுமிச்சை மரத்தடியில் திறந்து விட்டிருந்தார்.

அன்றைக்குக் கூட்டுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நீ கூழ் வைக்கிற கிண்ணம் காய்ந்து கவிழ்ந்து கிடந்தது. தட்டு நிறையப் பப்பாப்பழமும் முந்திரிகைத் திராட்சையும், அதன் மேல் தேன். கற்கண்டு சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிக்கொண்டிருந்தது. பனங்கட்டி கூட்டுக்குள் கட்டியிருந்த மரக்கொப்பில் ஏறப் பார்த்தது. ஏற முடியாமல் திரும்ப வந்து தட்டுக்குள் இருந்தது.

"மச்சாள், இது சரியில்லை. அண்ணா பழம் கொஞ்சமாத்தானே குடுக்கிறவர்."

"அதுகள் ஆசையாத் தின்னுதுகள்."

"ஆசையாத் தின்னுறதெல்லாம் உடம்புக்கு நல்லதோ?"

மச்சாளின் முகம் மாறியது. கையிலிருந்த கத்தியைக் கழுவுகிற தொட்டிக்குள் போட்டார்.

"நீர் உம்மட பஸ்ஸை ஓட்டும். இந்த வீட்டில ஆருக்கு என்ன குடுக்கிறதெண்டு நான் பாக்கிறன்."

அதன்பின் போனில் மட்டும் கதைத்தோம். மழை, குளிர், கௌதமின் வேலை. பிராணிகளைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் பஸ் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம், பனங்கட்டி கொப்பில் ஏறாமல் திரும்பியதுதான் என் கண்ணுக்குள் நின்றது. குளிரா, வயதா, உன்னைத் தேடுகிறதா? யாரிடம் கேட்பது? கேட்கிற ஆள் நீதானே.

ஜூன் மாதம், இங்கிலாந்து ராணியின் பிறந்தநாள் விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து டிப்போவில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், போன் அடிக்கிறது.

"வத்சலா, பனங்கட்டி விழுந்திட்டுது."

"எங்கயிருந்து, மச்சாள்?"

"கொப்பிலயிருந்து. பின்னங்கால் ரெண்டும் இழுபடுது. உடம்பு நடுங்குது. தொட்டாக் கத்துது." கொஞ்சம் நிறுத்தினார். "என்னில கோவம் எண்டாலும் வாரும்."

நோபிள் பார்க்கில் உள்ள உன் வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. பனங்கட்டி கூட்டின் அடியில் முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. பின்பக்கம் உயிரில்லாமல் பின்னால் வந்தது. கற்கண்டு பக்கத்தில் இருந்து அதன் காதை நக்கிக்கொண்டிருந்தது.

கிட்டவுள்ள மிருக வைத்தியரிடம் ஓடினோம். நாயும் பூனையும்தான் பார்ப்போம் என்றார்கள். இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற கிளினிக் மலைப்பக்கம் இருக்கிறது, விடுமுறைக்கு நேரத்தோடு பூட்டிவிடுவார்கள், இனிச் செவ்வாய்தான் திறப்பார்கள், இப்போதே போனால் பிடிக்கலாம் என்றார்கள்.

ஸ்டட் றோட்டில் கார்கள் அசையவில்லை. ஊரெல்லாம் விடுமுறைக்குப் புறப்பட்டிருந்தது. நான் தினமும் பஸ் ஓட்டுகிற பக்கம் அது. எந்தக் குறுக்குத் தெரு எங்கே போய் முட்டும் என்று தெரியும். அன்று ஒன்றும் உதவவில்லை. மச்சாள் பக்கத்தில் இருந்தார். உன் கம்பளித் தொப்பிக்குள் பனங்கட்டியை வைத்து மடியில் பிடித்திருந்தார்.

"லைசென்ஸ் அவற்ற பேரில, வத்சலா."

"தெரியும், மச்சாள்."

"இல்லாத ஆளின்ர லைசென்ஸில வைச்சிருக்கிறமெண்டு தெரிஞ்சா, ரெண்டையும் கொண்டு போயிடுவாங்கள். என்னையும் பிடிப்பாங்களோ?"

"ஒருத்தரும் பிடிக்க மாட்டினம்."

சொன்னேனே தவிர எனக்கும் நிச்சயமில்லை. கடதாசி சரியில்லாமல் பிடிபட்டவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு வந்த சனம் நாங்கள். இந்த நாட்டுக் குடியுரிமை கையில் இருந்தாலும் அந்தப் பயம் போகாது. உனக்கும் போகவில்லையே, பொலிஸ் கார் பின்னால் வந்தால் நீயும் வேகத்தைக் குறைப்பாயே.

"திரும்புவமோ?" என்று மச்சாள் கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் தொப்பிக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படிக் கரகரத்து ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை. மச்சாள் தொப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

"இல்லை. ஓட்டும்."

கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருந்த பெண் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள். யாருடைய பிராணி என்று கேட்டாள். மச்சாள் நிமிர்ந்து நின்று "சிவநேசன்" என்றார். ஒவ்வொரு எழுத்தாக ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தார். லைசென்ஸ் இருக்கிறதா? இருக்கிறது. நீ வெளியே காரை நிறுத்திவிட்டு வரப் போகிறாய் என்பது போலத்தான் அவர் நின்றார்.

வைத்தியர் ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண். பனங்கட்டியைத் துவாயில் சுற்றி, காலை மெல்ல நீட்டிப் பார்த்தாள். எக்ஸ்றே எடுத்தாள். முறிவு ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்புகள் படத்தில் புகை மாதிரித்தான் இருந்தன. என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் உன் கூழையும் பூச்சியையும் சொல்லத் தொடங்கினேன். மச்சாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஃப்ரூட்" என்றார். "ஒன்லி ஃப்ரூட். அண்ட் ஹனி."

அந்தப் பெண் ஏசவில்லை. பழத்தில் கல்சியம் மிகக் குறைவு, சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் உடம்பு அதை எலும்பிலிருந்து எடுக்கும், எடுத்து எடுத்துக் கடைசியில் கால் தாங்காது என்று விளங்கப்படுத்தினாள். வயிறு நிறைந்துதான் இருந்தது. எலும்பு பட்டினி கிடந்திருக்கிறது. முன்பு யாரோ மிகக் கவனமாகச் சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் இதுவரையாவது தாங்கியது என்றும் சொன்னாள். பிறகு கேட்டாள், மிஸ்டர் சிவநேசனா? நான் அவரோடு கதைக்கலாமா?

மச்சாள் வெறும் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"ஹீ இஸ் டெட்" என்றார். "மை ஹஸ்பண்ட். இன் ஏப்ரில்."

நீ செத்துப்போனாய் என்று அவர் தன் வாயால் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். எல்லோருக்கும் போன் எடுத்துச் சொன்னது நானும் கௌதமும். சாவு வீட்டிலும் அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. வைத்தியர், லைசென்ஸ் விஷயத்தைச் செவ்வாய்க்கிழமை பார்த்துக்கொள்ளலாம், இப்போது இந்தச் சின்னவரைப் பார்ப்போம் என்று சொல்லி ஊசிக்கு மருந்தை எடுத்தாள்.

இந்த விடுமுறையைத் தாண்டினால் நம்பிக்கை உண்டு என்றாள். ஏறி விழாதபடி தனியாகச் சின்னக் கம்பிக் கூட்டுக்குள் வைக்க வேண்டும். கல்சியம் மருந்தை ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயில் விட வேண்டும். சாப்பாட்டை மாற்ற வேண்டும், ஆனால் பழத்தை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஒன்றுமே தின்னாது.

காருக்குள் ஏறியும் நான் ஸ்டார்ட் பண்ணவில்லை. மச்சாள் முன்கண்ணாடியைப் பார்த்தபடி கதைத்தார்.

"அண்டைக்குக் காலமை தேத்தண்ணியோட கடிக்க ஒரு துண்டு இனிப்புக் கேட்டவர். நான் வேண்டாம் எண்டன். சிரிச்சுப்போட்டு வேலைக்குப் போனவர். கலியாணம் கட்டின நாள் தொட்டு வேண்டாம் வேண்டாம் எண்டுதானே சொன்னனான். என்னத்தைக் கண்டன்? அந்தாள் போயிட்டுது. இனி ஒரு உயிருக்கும் வேண்டாம் எண்டு சொல்லுறேல்லை எண்டு நினைச்சன், வத்சலா."

பழத்தட்டு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னபடியாத்தான் மச்சாள், அண்ணா இவ்வளவு காலம் இருந்தவர்" என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. செத்த வீட்டுக்கு வந்த உன் டொக்டர் என்னிடம் சொன்னது அதுதான். மச்சாள் தொப்பிக்குள் பனங்கட்டி மூச்சு விடுகிறதா என்று பார்த்தார்.

அந்த விடுமுறை முழுவதும் நான் உன் வீட்டிலேயே நின்றேன். முட்டையை ஓட்டோடு அரைத்துக் கூழ் செய்தோம். கற்கண்டு மணந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்தது. பனங்கட்டி முகத்தைத் திருப்பியது. மருந்தை மட்டும் மச்சாள் ஒவ்வொரு துளியாக உதட்டில் வைத்து நக்கச் செய்தார். அதன் விலா எலும்புகள் என் விரலுக்குத் தெரிந்தன.

"தின்னாட்டிச் செத்துப்போகும்" என்றார் மச்சாள். "கொஞ்சம் பழம் வைப்பமோ?"

வையுங்கோ என்று சொல்ல எனக்கும் வாய் வந்தது. கண் முன்னால் ஒன்று பட்டினி கிடக்கும்போது விதிமுறை எல்லாம் யாருக்கு நினைவு வரும்? அவர் பிரிட்ஜைத் திறந்து ஒரு முந்திரிகையை எடுத்தார். தோலை உரித்தார். இரண்டு கூடுகளுக்கும் முன்னால் போய் நின்றார். இரண்டும் மணம் பிடித்துவிட்டன. பனங்கட்டி முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு கம்பிவரை வந்தது. மச்சாள் அப்படியே திரும்பி வந்து, அந்தப் பழத்தைக் கூழ்க் கிண்ணத்துக்குள் போட்டுக் கரண்டியால் மசித்துக் கலந்தார்.

"பழம் வேணுமெண்டா இதுக்குள்ளதான்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

கற்கண்டு கொஞ்சம் நக்கியது. பனங்கட்டி தொடவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் நான் வாங்கி வந்த சிள்வண்டுப் பெட்டியை மச்சாளே திறந்தார். பிறந்த நாள் முதல் முட்டையைத் தவிர வேறு மச்சம் வாயில் வைக்காத மனுசி. சிவசிவா என்றுவிட்டு ஒன்றை இடுக்கியால் பிடித்தார். பைக்குள் போட்டுக் கல்சியம் தூளில் குலுக்கினார். "நான் சாப்பிடுறது வேற. உதுகள் சாப்பிடுறது இது" என்றார். கற்கண்டு பாய்ந்து பறித்தது. அது கடிக்கிற சத்தம் குசினிவரை கேட்டது. பனங்கட்டிக்கு நீட்டினார். அது கண்ணை மூடிக்கொண்டது. இடுக்கியை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கை மாற்றினார். திரும்பவும் பிடித்தார். நான் கதிரையில் இருந்து பார்க்க முடியாமல் எழுந்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.

"வத்சலா, சத்தம் போடாமல் வாரும்."

பனங்கட்டி இரண்டு கையாலும் சிள்வண்டைப் பிடித்து, தலையிலிருந்து தின்று கொண்டிருந்தது. மச்சாள் அடுத்ததை எடுக்கப் பெட்டிக்குள் கையை விட்டார்.

செவ்வாய்க்கிழமை லைசென்ஸ் அலுவலகத்துக்கு நான்தான் போன் எடுத்தேன். மச்சாள் எனக்கு முன்னால் நின்று என் முகத்தையே பார்த்தார். அந்தப் பக்கம் கதைத்த மனிதர் முதலில் தன் அனுதாபத்தைச் சொன்னார். பிறகு, மனைவியின் பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள், அதுவரை பிராணிகள் அங்கேயே இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான். போனை வைத்ததும்தான் நான் இன்னும் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

"என்னவாம்?"

"உங்கட பேருக்கு எடுக்கட்டாம், மச்சாள்."

"என்ர பேருக்கோ?" என்றார். அன்றைக்குத்தான் அவர் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

பனங்கட்டி முழுதாகத் தேறவில்லை, அண்ணா. உன்னிடம் மறைக்க மாட்டேன். வலப்பக்கக் கால் ஊன்றுகிறது, இடப்பக்கக் கால் இன்னும் இழுபடுகிறது. இனி மிதந்து பாயாது. பக்கத்து வீட்டுக்காரர் வெட்டித் தரும் யூக்கலிப்டஸ் கொப்புகளை மச்சாள் தாழ்வாகச் சரித்துக் கட்டியிருக்கிறார். அதில் ஏறிப் பட்டையைச் சுரண்டிக்கொண்டு இருக்கிறது. பிந்திய எக்ஸ்றேயில் எலும்பு நன்றாக வெளுத்திருக்கிறது என்று வைத்தியர் சிரித்தாள். கௌதம் போன் எடுத்தால் முதலில் கேட்பது அவற்றைப் பற்றித்தான்.

என் பஸ்ஸில் இப்போது காசு வாங்குவதில்லை, எல்லோரும் அட்டையைத் தட்டிவிட்டு ஏறுகிறார்கள். இன்னொரு செய்தியும் உண்டு. போன மாதம் என் இரத்தப் பரிசோதனை வந்தது. எனக்கும் உன் சலரோகம்தான். ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மச்சாள் வீட்டுக்கு யாரோ தேங்காய்ப்பாலில் கிண்டிய இனிப்புத் தொதல் கொண்டுவந்தார்கள். பேசிக்கொண்டே ஒரு துண்டை எடுத்தேன்.

"வேண்டாம், வத்சலா. வையும்."

வந்திருந்தவர்கள் கதையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். என் கைப்பையில் மருந்துப் பெட்டியைக் கண்டிருக்கிறார். ஒரு துண்டுதானே மச்சாள் என்று நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார். நீ போன பிறகு அவர் ஒரு மனிதருக்கு அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தொதலை அவருடைய உள்ளங்கையில் வைத்தேன்.

கூட்டைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம், அதற்கு இப்போது லைசென்ஸ் உள்ள ஆள் இருக்கிறார். நான் உனக்குத் தரக்கூடிய வாக்கு வேறு. மச்சாள் வேண்டாம் என்று சொன்னால், அண்ணா, நான் வைத்துவிடுவேன். சொல்லுகிறவர் வீணாகச் சொன்னதாக இன்னொரு தடவை நினைக்க விடமாட்டேன்.

உன் தங்கச்சியும்
உன் மனைவியின் மச்சாளுமான
வத்சலா